ஓதீல் நிற்காமல் போன நாள்

என் அம்மா ஓதீல் முப்பது வருடத்துக்கு மேல் தார்ன் ஆற்றை ஒட்டிய சாலையில் மளிகை வண்டி ஓட்டினாள். மேலே வில்லார் பாலம் என்ற ஊரில் எங்கள் வீடு. கீழே, ஆறு மலைகளை விட்டு வெளியேறும் இடத்தில் பிராத் பாலம். இரண்டுக்கும் நடுவில் செங்குத்துப் பாறைகளின் அடியில் ஒட்டிக்கொண்டிருக்கும் சிற்றூர்கள். ரொட்டி, பாலாடைக்கட்டி, சோப்பு, தையல் நூல் எல்லாம் அவள் வண்டியில்தான் போயின. அத்தனை வருடத்தில் ஆற்றைச் சரியாகப் பார்த்ததே இல்லை என்பாள்.

அது உண்மைதான். போகும்போது வண்டி பாறையை உரசிக்கொண்டு போகும். திரும்பும்போது ஆற்றுப் பக்கம் வரும், ஆனால் அவளுக்கும் ஆற்றுக்கும் நடுவில் மளிகை அலமாரி நிற்கும். அதற்கு அப்பால் சாலையோரச் சுவர். கண் அடுத்த வளைவில் இருக்க வேண்டும். மிச்சம் இருந்தால் மேலே பாறையில் இருக்க வேண்டும்.

நான் பார்ப்பதும் பாறை வேலைதான். எந்தக் கல் விழப்போகிறது, எதைக் கட்டிவைக்கலாம், எதை நாமே தள்ளிவிட வேண்டும் என்று முடிவு செய்யும் பொறியாளர். அம்மா இந்த மார்ச்சில் இறந்தாள். நான் இங்கே எழுதுவது அதற்கு முந்தைய அக்டோபரில் நடந்தது.

ஓய்வு பெற்றதும் அவள் வண்டியை விற்றாள். அதை எடுத்து நடத்த யாரும் வரவில்லை. விற்பதற்கு முன் அப்பா ரெஜிஸ் அதன் ஹாரனை மட்டும் கழற்றி வைத்துக்கொண்டார். எதற்கு என்று அவருக்கே அப்போது தெரியாது.

அம்மா ஒரு சைக்கிள் வாங்கினாள். நீல நிறம், முன்னால் கூடை. இருக்கையில் உட்கார்ந்ததும் கண் ஓரச் சுவரின் விளிம்பைத் தாண்டியது. முதல் நாள் வீட்டுக்கு வந்து, "தண்ணி பச்சையா இருக்கு ரெஜிஸ்," என்றாள்.

"எப்பவும் பச்சைதானே."

"எங்கிட்ட யாரும் சொல்லல."

அப்பா வெயில் காலத்தில் படகு வாடகைக் கம்பெனிக்கு வண்டி ஓட்டுபவர். படகுகளை அடுக்கிய இழுவைப் பெட்டியோடு நாளெல்லாம் அதே சாலையில் போய்வருவார். அவருக்கும் அவர் கூட்டாளிகளுக்கும் பயந்துதான் அம்மா சைக்கிளுக்கு நேரம் வகுத்துக்கொண்டாள். ஜூலை, ஆகஸ்டில் காலை ஒன்பது வரை. அதற்குப் பிறகு சாலை படகுக்காரர்களுடையது. செப்டம்பரில் பள்ளிக்கூடம் திறந்துவிட்டால் எப்போது வேண்டுமானாலும். காலையில் கீழ்நோக்கிப் போனால் பாறை நிழல் கூடவே வரும். மாலையில் திரும்பினால் எதிர்ப்பக்கப் பாறை செக்கச்செவேல் என்று இருக்கும். கழுகுகள் வெயில் ஏறிய பிறகுதான் கிளம்பும், அதற்கு முன் பாறை இடுக்குகளில் தோளைக் குறுக்கி உட்கார்ந்திருக்கும். இதையெல்லாம் அவள் எனக்குச் சொல்லவில்லை. விடுமுறைகளில் அவள் பின்னால் சைக்கிளில் போனபோது தெரிந்துகொண்டேன். இறக்கத்தில் கூட பெடலை மிதித்துக்கொண்டே இருப்பாள். வண்டி ஓட்டிய பழக்கம், கால் சும்மா இருக்காது.

ஒரு சிக்கல் இருந்தது. அந்தச் சாலையில் பாறையைக் குடைந்த சுரங்கங்கள் உண்டு. விளக்கு கிடையாது, ஒரு வண்டி மட்டுமே போகலாம். நுழைவதற்கு முன் ஹாரன் அடிக்க வேண்டும். எதிரே யாராவது உள்ளே இருந்தால் பதிலுக்கு அடிப்பார்கள். சைக்கிள் மணி அங்கே யார் காதிலும் விழாது. அதனால் அப்பா பழைய ஹாரனை எடுத்து வந்து, ஒரு மின்கலத்தைக் கூடையில் வைத்து, சைக்கிளில் மாட்டிக்கொடுத்தார்.

முதல் சுரங்கத்துக்கு வெளியே கோம்ப் என்ற ஊர். பத்து வீடு இருக்கும். அம்மா சுரங்க வாயிலில் ஹாரன் அடித்து உள்ளே நுழைந்து மறுபக்கம் வெளியே வந்தபோது, ஜெர்மேன் என்ற கிழவி பையும் பர்ஸுமாகச் சாலையில் நின்றுகொண்டிருந்தாள்.

"வண்டி எங்க?"

"வித்தாச்சு மதாம். அன்னிக்கே சொன்னேனே."

"அப்ப ரொட்டி?"

"ரொட்டியும் இல்ல. நான் சும்மா போறேன்."

"சும்மாவா?" ஜெர்மேன் பையை மடிக்கவில்லை. "சும்மா எங்க போற?"

அதற்குள் கொத்தனார் வேலை பார்த்து ஓய்ந்த உர்பேனும் வந்துவிட்டார். சைக்கிளைச் சுற்றி வந்து ஹாரனைத் தட்டிப் பார்த்தார்.

"சத்தம் இருக்கு, சரக்கு இல்ல," என்றார். "ஏம்மா ஓதீல், மேயர் தேர்தல்ல நிக்கப் போறியா?"

அம்மா கிளம்பியதும் ஜெர்மேன் அடுத்த ஊரான பூஜோலுக்குத் தொலைபேசியில் சொல்லிவிட்டாள். அங்கே சாலையில் கூட்டமே நின்றது. சரக்கு இல்லை என்று அவர்களுக்குத் தெரியும். ஆனால் முப்பது வருடமாக அந்த ஹாரன் கேட்டதும் வெளியே வந்து, கொஞ்ச நேரம் நின்று பேசி, வேலிக்கு அப்பால் நடந்ததையெல்லாம் ஓதீல் வழியாகக் கேட்டுத் தெரிந்துகொண்டவர்கள். அன்று மாலை அவள் திரும்பியபோது கூடையில் ஒரு பரங்கிக்காய், ஒரு பை வாதுமை, பழுதுபார்க்கக் கொடுத்த ஒரு ரேடியோ.

"கடைக்குப் போனியா, கடையாப் போனியா?" என்றார் அப்பா.

அம்மா பரங்கிக்காயை மேசையில் வைத்தாள். "முப்பது வருஷம் நின்னு நின்னே போயிருக்கேன். ஒரு தடவை வில்லார்லேர்ந்து பிராத் வரைக்கும் காலைத் தரையில வைக்காம போகணும். ஆறு எப்படிப் போகுதோ அப்படி."

"அதுக்கென்ன. போ."

"நீ போயிப் பாரேன்."

மறுவாரம் ஹாரனைக் கழற்றினாள். சுரங்கத்தில் பாடிக்கொண்டு போவது என்று முடிவு. எதிரே வருகிறவர்களுக்குக் கேட்டால் போதும். அம்மாவுக்குக் குரல் உண்டு, சுருதி கிடையாது. சுரங்கம் அதை நாலு மடங்காக்கியது. வெளியே வந்தால் உர்பேன் தோட்டக் கதவில் சாய்ந்து நின்றிருந்தார்.

"யாருக்கோ பல்லு பிடுங்குறாங்கன்னு நெனச்சேன்."

நின்றாக வேண்டியிருந்தது. விடியற்காலை கிளம்பிப் பார்த்தாள். உர்பேன் தக்காளிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். ஞாயிறு பூசை நேரத்தில் போய்ப் பார்த்தாள். பாதிரியார் வராத ஞாயிறு அது, எல்லோரும் தேவாலய வாசலிலேயே நின்றிருந்தார்கள்.

ஒருநாள் பல்லைக் கடித்துக்கொண்டு, ஜெர்மேனைப் பார்த்துக் கையை மட்டும் ஆட்டிவிட்டு நிற்காமல் போய்விட்டாள். பூஜோலை அடைவதற்குள் எங்கள் வீட்டுத் தொலைபேசி அடித்தது.

"முசியே ரெஜிஸ், மனசைத் தேத்திக்குங்க," என்றாள் ஜெர்மேன். "யாரு போயிட்டா?"

"யாரும் போகலையே."

"மறைக்காதீங்க. ஓதீல் நிக்காமப் போறா. முகமே சரியில்ல."

அப்பா சிரித்ததில் ஜெர்மேனுக்குச் சந்தேகம் கூடியது. அவள் பூஜோலுக்குச் சொல்ல, பூஜோல்காரர்கள் துக்கம் விசாரிக்கும் முகத்தோடு அம்மாவைச் சாலையில் மறித்தார்கள். அம்மா சைக்கிளைத் திருப்பி, கோம்ப் வரை மேடேறி வந்து, யாரும் சாகவில்லை என்று ஜெர்மேனிடம் நேரில் சொல்லிவிட்டுப் போக வேண்டியதாயிற்று.

அந்த மக்கள் அப்படித்தான். மார்ச்சில் மீயோ நகர மருத்துவமனையிலிருந்து அம்மாவை வீட்டுக்குக் கொண்டுவந்த சவ வண்டியை ஓட்டியவர் அந்தப் பக்கத்துக்குப் புதியவர். ஒவ்வொரு ஊரிலும் ஆட்கள் சாலையில் நின்றார்கள். அவரும் ஒவ்வொரு ஊரிலும் நிறுத்தினார். ஏன் என்று எங்களைக் கேட்கவில்லை.

அக்டோபரில் கோம்புக்கும் பூஜோலுக்கும் நடுவே எங்கள் வேலை தொடங்கியது. கோடை மழையில் ஒரு பாறைத் தகடு தளர்ந்திருந்தது. கம்பிவலை போட்டு ஆணி அடிக்க வேண்டும். துளையிடும் எந்திரம் சாலையை அடைத்துக்கொண்டு நின்றதால் கார்கள் எல்லாம் பீடபூமி வழியாகச் சுற்றிப் போயின. மேலே வேலை நடக்கும்போது கீழே யாருக்கும் அனுமதி இல்லை. மத்தியானம் ஆட்கள் சாப்பிட உட்காரும்போதும், மாலை வேலை முடிந்த பிறகும், நடந்து போகிறவர்களையும் சைக்கிள்காரர்களையும் விடுவோம். அந்த வாரங்களில் நான் பெற்றோர் வீட்டில்தான் தங்கினேன்.

ஒருநாள் காலை காப்பி குடித்துக்கொண்டிருந்தபோது அம்மா கேட்டாள்.

"கொராலி, மத்தியானம் நீங்க சாப்பிடுறப்ப மேலேர்ந்து கல்லு எதுவும் வராதே?"

"வராது. பாத்துட்டுத்தான் உக்காருவோம்."

"சுரங்கத்துல எதிர வண்டி?"

"எப்படி வரும்? ரோடே அடைச்சிருக்கு."

அவள் ரொட்டியில் வெண்ணெய் தடவினாள். "பன்னெண்டு மணிக்கு கோம்ப்ல யாரு வெளிய இருப்பா?"

நான் யோசித்தேன். யாரும் இருக்கமாட்டார்கள். எங்கள் பள்ளத்தாக்கில் பன்னிரண்டு மணி அடித்தால் நாய் கூட உள்ளே போய்விடும். அந்த நேரத்தில் கதவைத் தட்டுவது திருட்டைவிடக் கொஞ்சம்தான் குறைவு. அம்மாவும் வண்டியை ஓரமாக நிறுத்தி, கழுத்தில் துணியைக் கட்டிக்கொண்டு, சூடான சாப்பாடாகச் சாப்பிட்டவள்தான். அதனால்தான் இத்தனை நாள் அவளுக்கு அது தோன்றவே இல்லை.

அப்பாவுக்குத்தான் புரியவில்லை. "மத்தியானம்னா? சாப்பாட்ட விட்டுட்டா?"

"ஒரு நாள்தானே."

"உடம்புக்கு ஏதாவது பண்ணுதா?"

"நல்லா இருக்கேன்."

"பதினோரு மணிக்கே சாப்பிட்டுட்டுப் போயேன்."

"பதினோரு மணிக்கு எந்த மனுஷனுக்குப் பசிக்கும்?"

அப்பா பீடபூமி வழியாகக் காரில் சுற்றி வந்து பிராத் பாலத்தில் காத்திருப்பதாகச் சொன்னார். யாரிடமும் மூச்சு விடக்கூடாது என்று அம்மா எங்கள் இருவரிடமும் வாக்கு வாங்கினாள்.

வியாழக்கிழமை. காற்று இல்லை. நானும் கயிற்றில் இறங்கிப் பாறை வேலை பார்க்கும் யோவானும், சாலைக்கு மேலே ஒரு தட்டையான விளிம்பில் சாப்பிட உட்கார்ந்தோம். அங்கிருந்து பார்த்தால் கோம்ப் சுரங்கத்தின் வாய் முதல் பூஜோல் பக்கத்துத் தடுப்புக் கம்பம் வரை சாலை முழுவதும் தெரியும். ஆறு அதன் பக்கத்திலேயே வளைந்து வளைந்து போகும். கீழே கோம்பில் மணி அடித்தது. ஜன்னல்களிலிருந்து வறுத்த வெங்காய வாசனை பாறையோடு மேலே ஏறி வந்தது.

யோவான் உலர்ந்த இறைச்சியை நறுக்கி நீட்டினான். நான் வாங்கவில்லை.

"என்ன மேடம், கீழ யாரைத் தேடுறீங்க?"

சொன்னேன். அவன் கத்தியை மடக்கி வைத்துவிட்டு அவனும் பார்க்க ஆரம்பித்தான்.

அம்மா சுரங்கத்திலிருந்து வெளியே வந்தாள். சிவப்புக் கம்பளிச் சட்டை. பாடவில்லை. அவசரமும் இல்லை. கோம்ப் வீடுகள் அவளுக்குப் பின்னால் சாத்திய கதவுகளோடு கிடந்தன. எங்களுக்கு நேர் கீழே துளையிடும் எந்திரத்துக்கும் ஓரச் சுவருக்கும் நடுவில் இருந்த இடைவெளிக்குள் ஊசியில் நூல் கோப்பது போல நுழைந்து வெளியே வந்தாள். தலை இடப்பக்கம் திரும்பியே இருந்தது. ஆற்றைப் பார்த்துக்கொண்டே ஓட்டினாள்.

அப்போதுதான் தடுப்புக் கம்பத்தைப் பார்த்தேன். இறக்கிவிடப்பட்டிருந்தது.

சைக்கிள்காரர்கள் வந்தால் இறங்கி, குனிந்து, ஓரமாகத் தள்ளிக்கொண்டு போவது வழக்கம். காவல்காரன் ஃபாபியன் பக்கத்துத் தகரக் கூண்டில் இருந்தான். வாக்கி-டாக்கியை எடுத்தேன்.

"ஃபாபியன், கம்பத்தைத் தூக்குங்க."

வாய் நிறையச் சாப்பாட்டோடு பதில் வந்தது: "மேடம், சாப்பிட்டுட்டிருக்கேன்."

"தெரியும். ஒரு நிமிஷம் தூக்குங்க. சைக்கிள் வருது."

"சைக்கிள்தானே. இறங்கித் தள்ளிட்டுப் போகட்டும்."

"இறங்கக் கூடாது."

"ஏன், கால்ல அடியா?"

அம்மா கடைசி வளைவுக்கு வந்துவிட்டாள். அங்கிருந்து இறக்கம். அப்போதும் மிதித்துக்கொண்டுதான் இருந்தாள். இறங்குவதில் தப்பில்லை, அடுத்த வாரம் இன்னொரு முறை போகலாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆனால் அடுத்த வாரம் மழை என்று அறிவிப்பு இருந்தது. மழை வந்தால் வேலை நிற்கும், வேலை நின்றால் எந்திரம் போய்விடும், கார்கள் வந்துவிடும்.

யோவான் என் கையிலிருந்து கருவியைப் பிடுங்கினான்.

"டேய் ஃபாபியன், வர்றது ரொட்டி வண்டி ஓதீல்டா. மேடத்தோட அம்மா. நிக்காம பிராத் வரைக்கும் போறாங்க. நீ கம்பத்தைத் தூக்கலேன்னா உன்னாலதான் நிப்பாங்க."

கருவியில் ஒரு நாற்காலி விழும் சத்தம் கேட்டது.

ஃபாபியன் கழுத்துத் துணியோடும் கையில் முட்கரண்டியோடும் கூண்டிலிருந்து ஓடி வந்தான். ஒரு கையால் கம்பத்தைத் தூக்கினான். அது பாதிதான் ஏறியது. அம்மா வேகத்தைக் குறைக்கவில்லை. தலையைக் கைப்பிடியோடு சேர்த்துக் குனிந்து, அடியில் புகுந்து, நிமிர்ந்து, பூஜோலுக்குத் திரும்பும் வளைவில் மறைந்தாள். ஃபாபியன் கம்பத்தைத் தூக்கிப் பிடித்தபடியே கொஞ்ச நேரம் நின்றான்.

"போயிட்டாங்க," என்றான் கருவியில். பிறகு, "ஆறிப்போச்சு," என்றான். சாப்பாட்டைத்தான் சொன்னான்.

மிச்சம் அப்பா சொன்னது. அவர் பிராத் பாலத்தின் முனையில், சூடு ஆறாமல் துண்டில் சுற்றிய பாத்திரத்தோடு நின்றிருக்கிறார். அம்மா வந்தாள். அவரைத் தாண்டிப் போனாள். பாலத்தின் மேல் ஏறி மறுகரைக்குப் போய்விட்டாள்.

"ஓதீல்! இதான் பிராத்!"

"தெரியும்!"

மறுகரையில் மரங்கள் உள்ள சதுக்கத்தைச் சுற்றினாள். திரும்பி வந்தாள். மறுபடியும் போனாள். எந்த இடத்தில் காலை ஊன்றுவது என்று அவள் முன்கூட்டி யோசித்திருக்கவில்லை. கடைசியில் பாலத்தின் நடுவில் நின்றாள். அப்பா பாத்திரத்தை அங்கேயே கொண்டுபோனார். பாலத்துச் சுவரில் பாத்திரத்தை வைத்து, நின்றுகொண்டே உருளைக்கிழங்கும் பாலாடைக்கட்டியும் சாப்பிட்டார்கள்.

"எப்படி இருந்துச்சு?"

"பேசாதே, சாப்பிட விடு."

வழித்துச் சாப்பிட்ட பிறகுதான் சொன்னாள். ஆறு வழி பூரா கூடவே வந்ததாம். பூஜோலுக்குக் கீழே ஓரிடத்தில் அது சத்தமே இல்லாமல் ஓடுகிறதாம். முப்பது வருடம் அந்த இடத்தில் வண்டி என்ஜினை அணைத்ததே இல்லை, அதனால் தெரியவில்லை என்றாள்.

அப்பா சைக்கிளைக் காரில் ஏற்றப் போனார். அவள் விடவில்லை.

"நான் ஓட்டிட்டு வரேன். இப்ப எல்லாரும் வெளிய வந்திருப்பாங்க."

திரும்பி வரும்போது எல்லா ஊரிலும் நின்றாள். நிற்காமல் போனதைச் சொல்வதற்கு. பூஜோலில் மட்டும் மதியத்தின் பாதி கழிந்தது, எங்கள் வேலை முடிந்து வழி விடும் வரை அங்கே இருந்தாள். தடுப்பில் ஃபாபியனிடம் அவன் தாயார் நலத்தை விசாரித்து, ஆறிப்போனது என்ன சாப்பாடு என்று கேட்டு, மன்னிப்பும் கேட்டாள். அங்கிருந்து அவள் பக்கத்தில் நானும் நடந்தேன். அவள் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தாள். கோம்பில் உர்பேன் கதவில் சாய்ந்திருந்தார்.

"பாத்தேன்," என்றார். "ஜன்னல் வழியாப் பாத்தேன். செவப்புச் சட்டை."

"பாத்துட்டு ஏன் வெளிய வரல?"

"தட்டு சூடா இருந்துச்சு."

ஜெர்மேன் அதற்குள் செருப்பை மாட்டிக்கொண்டு வந்துவிட்டாள். நடந்ததை முழுவதும் கேட்டாள். முகம் சுருங்கியது.

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, வெளிய வந்து நின்னு பாத்திருப்பேனே."

"அதான் சொல்லல, மதாம்," என்றாள் அம்மா.